மருமகனுக்கு 56கே வைஃபை போட்டுக் குடுத்தேன்

மோடம் சத்தத்தை ரிங்டோனா வச்சுக்கிட்டு அலையுற ஆளுங்களைப் பாத்தா எனக்கு எரிச்சல் வரும். ரொம்ப நாளா அடக்கி வச்சிருந்தேன். இன்னைக்குக் கொட்டிரலாம்னு உக்காந்துட்டேன்.

காரணம் ஒரு வீடியோ. பழைய காலத்து இன்டர்நெட்டை அப்படியே காட்டுதாங்களாம். ‘கீய்ங்… கர்ர்ர்… டொய்ங் டொய்ங்’னு சத்தம். அப்புறம் ஒரு ரோசாப்பூ படம், மேல இருந்து கீழ வரிவரியா எறங்குது. அவ்வளவுதான், டயல்-அப் (போன் லைன்ல நம்பர் அடிச்சு நெட்டுல சேர்றது) முடிஞ்சுது. பாத்தவங்கல்லாம் கண்ணைத் தொடச்சுக்கிட்டு, அந்தக் காலம் இனி வராதுன்னு புலம்பிட்டுப் போறாங்க.

ஏன் வராது? வரவழைச்சுட்டாப் போச்சு!

தூத்துக்குடி பக்கம் மாப்பிள்ளையூரணியில எங்க வீட்டுக்கு ஃபைபர் வந்தாச்சு. 100 எம்பிபிஎஸ். அதோட கழுத்தை நெரிச்சு 56 கேபிபிஎஸ்ஸுக்குக் கொண்டு வந்தா என்ன ஆகும்? கிட்டத்தட்ட 1800-ல ஒரு பங்கு. இதை யார் மேல சோதிச்சுப் பாக்கிறதுன்னு யோசிச்சப்பதான் அக்கா மகன் லீவுக்கு வந்து எறங்கினான். காலேஜ்ல ரெண்டாம் வருஷம், கம்ப்யூட்டர் சயின்ஸ். பையைக்கூட எறக்கி வைக்கல, “மாமா, ஒங்க வீட்டு நெட்டு ரொம்ப ஸ்லோ”ங்கிறான்.

100 எம்பிபிஎஸ்ஸை!

சரி, எலி தானா வந்து கூண்டுல உக்காந்துருச்சு.

அந்தக் காலத்தைப் பாக்காதவங்களுக்காக ரெண்டு வரி சொல்லிருதேன். (ரெண்டு வரின்னு ஆரம்பிச்சு நான் எங்க போய் நிப்பேன்னு ஒங்களுக்குத் தெரியும்.)

1995 ஆகஸ்ட் 15 அன்னைக்குத்தான் விஎஸ்என்எல் கம்பெனி நம்ம நாட்டுல பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் தொறந்து விட்டுது. சென்னை மாதிரி பெரிய ஊருங்களுக்கு மட்டும். தூத்துக்குடிக்காரனுக்கு ஆசை வந்தா அங்க எஸ்டிடி (வெளியூர் கால்) போட்டுத்தான் சேரணும். நெட்டுக்கு ஒரு காசு, எஸ்டிடிக்கு ஒரு காசு. 1998 கடைசியில தனியாருக்கும் லைசென்ஸ் குடுத்தாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நம்ம பக்கமும் 172-ல ஆரம்பிக்கிற நம்பரை அடிச்சா லோக்கல் கால் கணக்குலயே நெட்டு வர ஆரம்பிச்சுது.

அதுல வேகம் ஏன் 56-ஐத் தாண்டல? மோடத்து மேல தப்பு இல்ல. டெலிபோன் லைன் மனுசன் பேசுறதுக்காகப் போட்டது. 300-ல இருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள சத்தம் போனாப் போதும்னு கட்டினது. எக்ஸ்சேஞ்சுல அந்தச் சத்தத்தை செகண்டுக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டுல எழுதுவாங்க. பெருக்கிப் பாருங்க, 64 கிலோபிட். கூரையே அவ்வளவுதான். அதுல லைன் எறைச்சல், அது இதுன்னு கழிச்சு 1998-ல வி.90ன்னு ஒரு முறை வந்தப்ப 56-ல நின்னுது. அதுவும் கீழ வர்ற பக்கம் மட்டும். நாம மேல அனுப்புறது 33.6.

அந்த 56-ம் நெசமா 56 கெடையாது. கனெக்ட் ஆனதும் ஸ்க்ரீன் மூலையில ரெண்டு குட்டி கம்ப்யூட்டர் மினுக்கும். அது மேல மௌசை வச்சா 45,333ன்னோ 49,333ன்னோ ஒரு நம்பர் காட்டும். வி.90-ல வேகம் 1333, 1333-ஆத்தான் படி ஏறும், படி எறங்கும். எங்க பக்கம் பெரும்பாலும் எறங்கும். சுத்திலும் உப்பளம். உப்புக் காத்து பட்டுப் பட்டு செம்புக் கம்பி ஜாயிண்டுல பச்சை பூத்துக் கெடக்கும். மழை பேஞ்சா ரிசீவரைத் தூக்கினாலே கரகரங்கும். அந்தக் கரகரப்புக்குள்ளதான் மோடம் பேசணும்.

அப்புறம் அந்தச் சத்தம். மெஷின் அழுகுதுன்னு நெனைச்சுக்கிட்டாங்க பாதிப் பேரு. அந்தப் பக்கத்து மோடம் போனை எடுத்ததும் 2100 ஹெர்ட்ஸ்ல ஒரே சீரா ஊதும். எக்ஸ்சேஞ்சுல எதிரொலியை அமுக்குற கருவி ஒண்ணு நடுவுல இருக்கும். மனுசப் பேச்சுக்கு அது நல்லது, மோடம் பேச்சுக்கு ஆகாது. “நீ கொஞ்சம் ஒதுங்கு”ன்னு அதுக்குச் சொல்ற சேதிதான் அந்த ஊதல். அடுத்து வர்ற கர்ர்ர்ல ரெண்டு மோடமும் லைனோட தரத்தை அளந்து, எந்த வேகத்துல ஓடலாம்னு முடிவு பண்ணும். இதை ஸ்பீக்கர்ல விட்டது நம்ம காதுக்காக. எங்கேஜ்டா இருக்கா, தப்பு நம்பர் போய் யாராவது பாட்டி எடுத்து ஹலோங்குதான்னு தெரியணும்ல. கனெக்ட் ஆனதும் தானா அமந்துரும். ராத்திரியில அப்பா முழிச்சுக்கிருவாங்கன்னு பயந்தவங்களுக்கு ஏடி-எம்-ஜீரோன்னு ஒரு கமாண்டு உண்டு. அதைப் போட்டா ஸ்பீக்கர் வாயே தொறக்காது. நானெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளந்தவன் இல்ல, அதை அமுக்கி அமுக்கி வளந்தவன். அதான் ரிங்டோன்காரங்க மேல காண்டு.

இப்போ வேலைக்கு வருவோம்.

சுலபமான வழி பிரவுசர்லயே இருக்கு. குரோம்ல எஃப்12 அமுக்கி, நெட்வொர்க் பக்கத்துக்குப் போனா வேகத்தைக் குறைக்கிற பட்டியல் ஒண்ணு தொங்கும். அதுல நாமளே ஒண்ணு புதுசா சேத்துக்கிடலாம். எறக்கம் 50, ஏத்தம் 30, தாமதம் 150 மில்லிசெகண்டு. ஃபயர்ஃபாக்ஸ்ல ஜிபிஆர்எஸ்ன்னு ரெடிமேடாவே ஒண்ணு இருக்கு, அது 50-க்கு 20, தாமதம் அரை செகண்டு. கேஷை அணைக்க மறந்துறாதீங்க. இல்லைன்னா ஏற்கெனவே எறங்கினதையே எடுத்துக் காட்டிட்டு, ஆகா டயல்-அப் என்ன வேகம்னு ஏமாத்தும்.

செஞ்சு பாத்தேன். மெதுவாத்தான் வந்துது. ஆனா எங்கயோ இடிக்குது. அந்த ஒரு டேப் மட்டும் தவழுது, பக்கத்து டேப் பறக்குது. போதாக்குறைக்கு பிரவுசர் இதை ஒவ்வொரு பாக்கெட்டாப் புடிச்சு நிறுத்துறது இல்ல. பக்கத்துக்காக அனுப்புற ஒவ்வொரு கோரிக்கையா எடுத்து, பதிலை மெதுவா ஒப்படைக்குது. நெசமான நெட்டு பின்னால ஃபைபர் வேகத்துல கைகுலுக்கி முடிச்சுருது. நடிப்புதான். வெப்சைட் கட்டுறவங்களுக்கு அவசரத்துக்கு இது போதும். எனக்குப் போதல.

அடுத்து லினக்ஸ். அதுல ‘டிசி’ன்னு ஒரு கமாண்டு இருக்கு, ட்ராஃபிக் கன்ட்ரோல். இது ஆளு கெட்டிக்காரன், ஆனா குசும்பு புடிச்சவன். இன்டர்நெட்ல ஆயிரம் பேரு ஒரு வரி கமாண்டு எழுதி வச்சிருக்காங்க. அப்படியே எடுத்து ஒட்டினா ஏத்தம்தான் குறையும், எறக்கம் பாட்டுக்கு ஓடும். ஏன்னா டிசி வெளிய போற பாக்கெட்டைத்தான் வரிசையில நிறுத்தும். உள்ள வர்றதை நிறுத்த இன்னொரு போலி இன்டர்ஃபேஸைக் கட்டி, அது வழியா சுத்தி விடணும்.

இன்னொரு கண்ணிவெடியும் இருக்கு. உலகத்துல எல்லாரும் கேபிபிஎஸ்ன்னா கிலோபிட்டுன்னு படிப்போம். டிசி மட்டும் அதைக் கிலோபைட்டுன்னு படிக்கும். 56 கேபிபிஎஸ்ன்னு அடிச்சா 448 கிலோபிட்டு ஓடும்! நம்ம அரசாங்கம் 2004-ல பிராட்பேண்டுன்னா என்னன்னு கொள்கை எழுதினப்ப வச்ச அளவு 256. நீங்க டயல்-அப்புன்னு நெனைச்சு ஓட்டிக்கிட்டு இருக்கிறது அன்னைக்கு பிராட்பேண்டைவிட ஒசத்தி. ‘கேபிட்’னு எழுதணும். அந்த வீடியோக்காரங்கள்ல எத்தனை பேரு இந்தக் குழியில கெடக்காங்களோ.

கடைசியா எனக்குப் புடிச்ச வழி, நடுவுல ஒரு பெட்டியை வைக்கிறது. பரண்ல கெடந்த பழைய ரவுட்டர்ல ஓப்பன்டபிள்யூஆர்டிங்கிற சாஃப்ட்வேரை ஏத்தினேன். ஃபைபர் ரவுட்டர்ல இருந்து இதுக்கு ஒரு ஒயர், இதுல இருந்து வீட்டுக்கு ஒரு தனி வைஃபை. பேரு ‘56கே’. இப்போ போலி இன்டர்ஃபேஸ் சமாச்சாரமே வேண்டாம். வீட்டுப் பக்கம் வெளிய போறது எறக்கம், தெருப் பக்கம் வெளிய போறது ஏத்தம். ரெண்டு பக்கமும் அதே 50, 30 கணக்குல டிசியைக் காவலுக்கு நிறுத்தியாச்சு. இந்த வைஃபையில சேந்தா போனு, லேப்டாப்பு, டிவி எல்லாம் 1999-க்குப் போயிரும்.

போச்சா? பாதிதான் போச்சு. வரிசைன்னு ஒரு விசயம் மிச்சம் இருக்கு.

எட்டயபுரம் ரோட்டுல ராத்திரி பரோட்டாக் கடையில நின்னிருக்கீங்களா? நமக்கு ரெண்டே ரெண்டு பரோட்டா. ஆனா முன்னாடி ஒருத்தன் அம்பது பரோட்டா பார்சல் சொல்லிட்டு நிக்கான். மாஸ்டர் ஒரே ஆளு, கல்லு ஒரே கல்லு. மெதுவான லைனும் அதேதான். 1500 பைட்டு பாக்கெட் ஒண்ணு 50 கிலோபிட் லைன்ல போய் முடிய கால் செகண்டு. அது முடியுற வரைக்கும் பின்னால வர்ற குட்டிப் பாக்கெட் நிக்கத்தான் வேணும். அந்தக் காலத்துல இதுக்காகவே பாக்கெட்டை 576 பைட்டா நறுக்குவாங்க, அப்போ ஒண்ணுக்கு செகண்டுல பத்துல ஒரு பங்குகூட ஆகாது.

சரி, அந்த வரிசையில எத்தனை பேரு நிக்கலாம்? டிசியில தாமதத்தை உண்டாக்குற ‘நெட்எம்’ங்கிற பகுதிக்கு நாம ஒண்ணும் சொல்லலைன்னா, அதுவா 1000 பாக்கெட்டுன்னு எடுத்துக்கும். ஃபைபருக்கு அது கண்ணிமைக்கிற நேரம். 50 கிலோபிட்டுக்கு? 1500 பைட்டு, 1000 பாக்கெட்டு... நாலு நிமிஷம்! ஒரு க்ளிக் பண்ணிட்டு நாலு நிமிஷம் கழிச்சு பதில் வர்றது டயல்-அப் இல்லீங்க, தந்தி. வரிசையை 20 பாக்கெட்டுக்குக் குறைச்சதும்தான் பழைய வாசம் வந்துது.

இப்போ எலியைக் கூப்பிடுவோம்.

“ஏல, அந்த வைஃபை ஸ்லோன்னியே, புது வைஃபை போட்டிருக்கேன். அதுல சேந்துக்கோ.”

சேந்தான். நான் ரவுட்டர் ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டே இருக்கேன். அவன் இன்னும் ஒண்ணுமே தொறக்கல, லைன் நெறஞ்சு வழியுது. போட்டோ மேல ஏறுது, ஆப்பு அப்டேட் கேக்குது, எவன் எவனோ எங்க எங்கயோ பேசுதான். போனு பையில கெடந்தாலே அதுக்குள்ள ஒரு சந்தை நடக்குது. 1999-ல நாம க்ளிக் பண்ணினா மட்டும்தான் லைட்டு மினுங்கும். முழு லைனும் நமக்கு. இப்போ 56-ல நமக்குக் கெடைக்கிறது பாக்கிச் சில்லறை.

“மாமா, நெட்டே இல்ல.”

“இருக்குல. பொறு.”

பொறுக்கிற ஜாதியா அவன்? வாட்ஸப்ல எழுத்து மட்டும் ஜோராப் போச்சு. வாய்ஸ் மெசேஜும் மூச்சு வாங்கிக்கிட்டே போய்ச் சேந்துது. போட்டோ ஒண்ணு எறங்க அரை நிமிஷம். ரீல்ஸ் வெறும் சாம்பல் கட்டம். யூடியூப் அடிமட்டத் தரம் வச்சும் சுத்திக்கிட்டே இருந்துது. ஒரு செய்தித் தளம் (பேரு வேண்டாம்) தலைப்பைக் காட்டுச்சு, நாலு வரி படிக்கிறதுக்குள்ள விளம்பரத்துக்கு எடம் விட்டுக் கீழ குதிச்சுது, அப்புறம் ‘நோட்டிஃபிகேஷன் அனுப்பட்டுமா’ன்னு கேட்டுது. செய்தியவே அனுப்ப முடியல, இதுல நோட்டிஃபிகேஷன் வேற.

இங்கதான் நான் எதிர்பாக்காதது ஒண்ணு தட்டுப்பட்டுது. வெறும் கணக்குப்படி பாத்தா 2 எம்பி பக்கம் ஒண்ணு இந்த லைன்ல அஞ்சரை நிமிஷத்துல வந்துறணும். (இப்போ 2 எம்பிங்கிறது சாதாரண முகப்புப் பக்கம். தப்பா நெனைக்காதீங்க.) ஆனா பல தளம் அஞ்சரை நிமிஷம் இல்ல, எப்பவுமே வரல. ஏன்?

இன்டர்நெட்டோட அடிப்படைப் பழக்கமே மாறிப் போச்சு. முன்னாடி கம்ப்யூட்டர் ஒரு சேதி அனுப்பிட்டு முதல் பதிலுக்கு 3 செகண்டு காத்திருக்கும். 2011-ல அதை 1 செகண்டாக் குறைச்சாங்க. அதே மாதிரி முன்னாடி சர்வர் எடுத்த எடுப்புல ரெண்டுல இருந்து நாலு பாக்கெட்டு அனுப்பிட்டு, போய்ச் சேந்துச்சான்னு கேக்கும். 2013-ல அதைப் பத்தாக்கினாங்க. வேகமான லைனுக்கு ரெண்டுமே நல்ல யோசனை. நம்ம ஓட்டை லைன்ல என்ன ஆகுது? ஒரு பக்கம் இருபது எடத்துல இருந்து சாமான் கேக்குது. ஒவ்வொரு எடமும் பத்துப் பத்துப் பாக்கெட்டைக் கொட்டுது. அதை எறக்கவே முக்கால் நிமிஷம் ஆகும். நம்ம 20 பாக்கெட் வரிசையில எடம் ஏது, பாதி கீழ விழும். இந்தக் கூட்டத்துல மாட்டின பதிலு 1 செகண்டுல வரலைன்னதும் கம்ப்யூட்டர் பதறிப் போய் திரும்பவும் கேக்கும். கேட்டதையே கேட்டு, அனுப்புனதையே அனுப்பி, ஏற்கெனவே அடைச்ச லைனை இன்னும் அடைக்கும். அதுக்கு மேல ஒவ்வொரு எடத்துக்கும் பூட்டு சாவி சரிபாக்க சர்ட்டிஃபிகேட்டு வேற எறங்கணும். பழைய லைனுக்குப் புது நெட்டு தோதுப்படல. வேகத்தை மட்டும் குறைச்சுட்டு ‘இதுதான் 1999’ன்னு சொல்றவங்க இதைப் பாக்கிறதே இல்ல.

ஜிமெயில்ல முன்னாடி ‘லைன் மெதுவா இருக்கா, எளிய வடிவத்துல தொறக்கவா’ன்னு கீழ ஒரு வரி வரும். ஞாபகம் இருக்கா? அந்த எளிய வடிவத்தையும் 2024-ல எடுத்துட்டாங்க.

சரி, இந்த லைன்ல எதுதான் நல்லா ஓடுச்சு?

எழுத்து. வெறும் எழுத்து.

50 கிலோபிட்டுன்னா செகண்டுக்கு 6250 பைட்டு. யூனிகோடு தமிழ் எழுத்துல ஒவ்வொரு குறியும் 3 பைட்டு எடுக்கும். அப்படியும் செகண்டுக்கு ரெண்டாயிரம் குறி வந்து விழும். யாரு படிப்பா அந்த வேகத்துல? இந்தப் பதிவு இவ்வளவு நீளம், சுருக்கி அனுப்பினா நாலஞ்சு செகண்டுல எறங்கிரும். (படிச்சு முடிக்க ஆகுற நேரத்துக்கு நான் பொறுப்பில்ல.)

அந்தக் காலத்துல இன்னும் சிக்கனம். டிஸ்கி எழுத்துமுறையில ஒரு குறிக்கு ஒரே பைட்டு. ‘மாப்பிள்ளையூரணி’ன்னு எழுத இன்னைக்கு 45 பைட்டு, அன்னைக்கு ஒரு டஜன் பைட்டுல முடிஞ்சுது. என்ன, ஆளுக்கொரு ஃபாண்ட் வச்சிருந்தாங்க. இந்தப் பத்திரிகை படிக்க ஒண்ணு, அந்தப் பத்திரிகைக்கு வேற ஒண்ணு. 1999-ல சென்னையில தமிழ்நெட் மாநாடு நடத்தி டாம், டாப்னு அரசாங்கம் ஒரு தரம் கொண்டு வந்துச்சு, அப்பவும் குழப்பம் முழுசாத் தீரல. ஃபாண்டை எறக்கி, அதுக்கான ஃபோல்டர்ல போட்டு, பிரவுசரை மூடித் தொறந்தா, கட்டம் கட்டமா இருந்த எடத்துல தமிழ் முழிச்சுப் பாக்கும். அந்த சந்தோசத்துக்கு எந்த வீடியோவும் ஈடு கெடையாது.

சுவிட்சர்லாந்துல லோசான்ல இருந்த கல்யாணசுந்தரம் ஐயா 1998 பொங்கல் அன்னைக்கு மதுரைத் திட்டத்தைத் தொடங்கினாரு. உலகம் பூராவும் இருக்கிற தமிழங்க உக்காந்து இலக்கியத்தை எல்லாம் டைப் அடிச்சு ஏத்தினாங்க. கணக்குப் போட்டா 1330 குறளும் டிஸ்கியில நூறு கேபிக்குள்ள அடங்கும். டயல்-அப்ல இருபது செகண்டுக்குள்ள வீடு வந்து சேந்துரும். இப்போ ஒரு பட்டனுக்கு வர்ற அனிமேஷனே அதைவிடப் பெருசு. மதுரைத் திட்டப் பக்கங்களை என் 56கே வைஃபையில தொறந்து பாத்தேன். மத்த தளமெல்லாம் திணறின லைன்ல அது பாட்டுக்கு வந்து நின்னுது. மருமகனும் பாத்தான். “மாமா, இது மட்டும் ஏன் வேலை செய்யுது?”ன்னான்.

நல்ல கேள்வி கேட்டுட்டானேன்னு அடுத்த கட்டத்துக்குப் போனேன். வேகத்தை நடிக்க வச்சாச்சு. காசு?

அந்தக் காலத்துல லோக்கல் கால்ல மூணு நிமிஷத்துக்கு ஒரு பல்ஸ் ஓடும். நெட்டுல உக்காந்திருந்தா மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும், பில்லு வர்ற அன்னைக்கு வீட்டுல பஞ்சாயத்து. அதனால ரவுட்டர்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். 56கே-ல யாராவது இருந்தா மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை என் போன்ல டிங்குங்கும். டிங்குன்னா மேசை மேல இருக்கிற டப்பாவுல ஒரு ரூபா போடணும். பய மொதல்ல சிரிச்சான். நாலஞ்சு டிங்குக்கு அப்புறம் சிரிப்பு நின்னுச்சு. அப்புறம் பாருங்க, யாரும் சொல்லிக் குடுக்காம நம்ம பழைய வித்தையெல்லாம் அவனே கண்டுபுடிச்சுட்டான். வேணுங்கிற பக்கங்களை வரிசையாத் தொறந்து விடுவான், வைஃபையை அணைச்சுருவான், அணைச்சுட்டு நிதானமாப் படிப்பான். பதிலெல்லாம் மொதல்லயே டைப் பண்ணி வச்சுட்டு, சேந்த உடனே மொத்தமா அனுப்புவான். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல ‘ஆஃப்லைன்’னு ஒரு மெனு இருந்ததே இதுக்குத்தான். வேகம் கொறஞ்சப்ப எரிச்சல்பட்டவன் காசு போனப்பதான் பழக்கத்தை மாத்திக்கிட்டான்.

போன் வந்தா நெட்டு அந்து போகணும்ங்கிற விதியையும் சேத்தேன். வீட்டு லேண்ட்லைன் அடிச்சா நான் ஒயரை உருவிருவேன். எங்க அக்கா ஒரு நாளைக்கு எத்தனை தடவை “சாப்ட்டானா”ன்னு கேக்கப் போன் பண்ணுவான்னு அவனுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

சும்மா வேலையத்த வேலைன்னு நெனைக்கலாம். மத்த எடத்துல இதைச் சம்பளம் குடுத்துச் செஞ்சிருக்காங்க. ஃபேஸ்புக்ல 2015-ல ‘2ஜி செவ்வாய்க்கிழமை’ன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. செவ்வாய்க்கிழமை ஆபீஸ்ல ஆப்பைத் தொறந்தா, ஒரு மணி நேரம் 2ஜி வேகத்துல ஓட்டிப் பாக்கீங்களான்னு கேக்கும். நம்ம மாதிரி நாட்டுக்காரன் படுற பாடு கலிஃபோர்னியாக்காரனுக்குப் புரியணுமாம். நம்ம ஊருல வெப்சைட் கட்டுற ஆளுங்களுக்கும் ஒரு கிழமை ஒதுக்கினா நல்லது.

ஏன்னா மெதுவான லைன் எங்கயும் போயிறல. அமெரிக்காவுல ஏஓஎல் கம்பெனியே 2025 செப்டம்பர் 30-ஓட டயல்-அப்பை மூடிட்டான், ஆனா 2023 டிசம்பர் வெள்ளத்துல நம்ம ஊரு இருந்த நெலமை ஒங்களுக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. கரண்டு இல்ல, டவர் செத்துக் கெடக்கு. மொட்டைமாடி மூலையில ஒத்தைக் கோடு சிக்னல் வந்து வந்து போகும். அதுல ‘நல்லா இருக்கோம்’னு ரெண்டு சொல் போச்சு. உதவி நம்பர் தேடி ஒரு தளத்தைத் தொறந்தா, மேல பெருசா ஒரு போட்டோ எறங்க ஆரம்பிச்சு, பேட்டரிதான் எறங்குச்சு. 2017-ல அமெரிக்காவுல இர்மா புயல் வந்தப்ப சிஎன்என் செய்திச் சேனல்காரன் வெறும் எழுத்துல ஒரு தளம் விட்டான். நம்ம பக்கம் மழைக்காலத்துக்காவது அப்படி ஒண்ணு வேண்டாமா? தருவைகுளத்துல இருந்து வள்ளம் கொஞ்ச தூரம் வெளிய போனாலே சிக்னல் இப்படித்தான் இழுக்கும். அங்க இருக்கிறவருக்குக் காத்து எப்படி, அலை எவ்வளவுன்னு ரெண்டு வரி தெரியணும். கடல் படம் பின்னணியில அசையணும்னு அவரு கேக்கல, அசையுற கடல் அவருக்குக் கீழயே இருக்கு.

இதை ரொம்ப முன்னாடியே சரியாச் செஞ்சவங்க பாண்டிச்சேரி பக்கம் இருந்தாங்க. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல ஊருக்கு ஊரு தகவல் மையம் தொடங்கினப்ப, வில்லியனூர்லதான் டயல்-அப். மத்த ஊருக்கெல்லாம் விஎச்எஃப் ரேடியோ. அமெரிக்கக் கடற்படை வெப்சைட்டுல வர்ற அலை உயரக் கணிப்பை தினமும் எறக்குவாங்க. தமிழ்ல எழுதி அனுப்புவாங்க. வீராம்பட்டினத்துல அதை ஒலிபெருக்கியில வாசிப்பாங்க. மோடம் ஒண்ணு, கேக்கிறது ஊரே. கடலுக்குப் போறவரு கம்ப்யூட்டரைத் தொட வேண்டியதே இல்ல. 2004 சுனாமி அன்னைக்கு நல்லவாடுல சிங்கப்பூர்ல இருந்து ஒருத்தரு போன் பண்ணிச் சொல்ல, அங்க இருந்த இதே திட்டத்து ஒலிபெருக்கியிலதான் ஊரை எழுப்பிக் கெளப்புனாங்க. அந்த மோடத்தோட வேகத்தை இன்னைக்கு எந்தக் கடையிலயும் விக்க முடியாது.

மருமகன் ஊருக்குப் போயிட்டான். டப்பாக் காசை எண்ணி எடுத்துக்கிட்டுப் போயிட்டான், அது வேற விசயம். இப்போ காலேஜ் ப்ராஜெக்டுக்கு அவன் கட்டுற பக்கத்தை எனக்கு அனுப்பி, “மாமா, 56-ல போட்டுப் பாருங்க”ங்கிறான். முந்தாநாள் அனுப்பினது ஒன்றரை நிமிஷம் எடுத்துது. மூணு ஃபாண்ட் வச்சிருந்தான். ரெண்டைத் தூக்குலன்னு சொல்லியிருக்கேன்.

எனக்கு ஒரு ஆசை மிச்சம் இருக்கு. நடிப்பு வேண்டாம், நெச மோடம் ரெண்டு வாங்கி ஒண்ணோட ஒண்ணைப் பேச வைக்கணும். செம்புக் கம்பி லைன் எங்க தெருவுல இல்ல. ஃபைபர்ல வர்ற லேண்ட்லைன்ல குரலே பாக்கெட்டாத்தான் போகுது. அது வழியா மோடம் பேசணும்னா சத்தத்தைச் சுருக்காம ஜி.711ங்கிற முறையிலயே விடணும், எதிரொலி அமுக்குறதை அணைக்கணும். அப்படியும் 33.6-க்கு மேல போகாது, ஏன்னா 56 வரணும்னா அந்தப் பக்கத்து ஆளு எக்ஸ்சேஞ்சோட நேரடியா டிஜிட்டல்ல சேந்திருக்கணும். பரவால்ல, 33.6 வந்தாலே நான் கொடி ஏத்திருவேன். ஒரு மோடம் கைவசம் இருக்கு. ஒங்க வீட்டுப் பரண்ல பழைய வெளி மோடம் ஏதாவது கெடந்தா சொல்லுங்க. அடாப்டரோட இருந்தா இன்னும் நல்லது, பார்சல் செலவு என்னோடது.